மாநிலம் பிரிந்து போகலாமா? சொற்போருக்குத் தயாராகிறவர்கள் கேட்ட கேள்விகள், பாண்டிச்சேரி மாடியிலிருந்து பதில்கள்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு மொட்டை மாடியில் ஏழெட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் சொற்போருக்குப் பயிற்சி எடுக்கிறார்கள். கடலூரிலிருந்தும் இரண்டு பேர் பஸ் ஏறி வருகிறார்கள். இந்த முறை கையில் எடுத்த தலைப்பு: "தேசிய அரசோடு ஒத்துப்போக முடியாத மாநிலத்துக்குப் பிரிந்து செல்லும் உரிமை வேண்டும்." மூன்று வாரமாக அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. நடுவராக உட்கார்ந்து உட்கார்ந்து இருக்கை தேய்த்தவன், அவ்வளவுதான்.

முதலில் இதைச் சொல்லுங்கள் சார், இந்தத் தலைப்பில் பேசினால் போலீஸ் பிடிக்குமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பயம் நியாயமானது. போன வருடம் ஒரு கல்லூரியில் இதே தலைப்பைக் கொடுத்துவிட்டு, போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி "சமூக ஊடகம் வரமா சாபமா" என்று மாற்றிவிட்டார்கள். பிள்ளைகள் படித்ததெல்லாம் வீண்.

சட்டத்தில் இருப்பது இது. 1963-ல் வந்த 16-வது திருத்தம், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காக்கப் பேச்சுரிமைக்கு வரம்பு போடலாம் என்று அரசியலமைப்பின் 19-வது பிரிவில் சேர்த்தது. 1967-ன் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், இந்தியாவின் ஒரு பகுதி பிரிந்து போக வேண்டும் என்ற கோரிக்கையை ஆதரிப்பதையே குற்றமாக்குகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-வது பிரிவும் பிரிவினையைத் தூண்டுவதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆயுள் தண்டனை வரை போகலாம். விளையாட்டு இல்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி கொல்லப்பட்ட நாள். சண்டிகரில் ஒரு சினிமா தியேட்டர் அருகே இரண்டு அரசு ஊழியர்கள் காலிஸ்தான் ஆதரவு கோஷம் போட்டதாக வழக்கு. 1995-ல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இரண்டு பேர் சில முறை கோஷம் போட்டார்கள், கூட்டம் திரும்பியே பார்க்கவில்லை, வேறு எதுவும் நடக்கவில்லை, இது ராஜதுரோகம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: உலக அளவில் ஒரு கொள்கையாக எடுத்து வாதாடுங்கள். கனடா, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா என்று பேசுங்கள். இந்தியா வரும்போது வரலாறாகவும் சட்டமாகவும் பேசுங்கள். "நாம் பிரிவோம், வாருங்கள்" என்று கையைத் தூக்கினால் அது சொற்போர் இல்லை, பிரசாரம். தலைப்பை "உரிமை வேண்டும்" என்பதற்குப் பதிலாக "கூட்டாட்சி நாட்டில் பிரிந்து செல்லும் உரிமைக்கு இடம் உண்டா" என்று வைத்தால் நடத்துகிறவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

தனி நாடு, தனி மாநிலம், மாநில சுயாட்சி எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இதைக் குழப்பினால் எதிரணி உங்களை இரண்டே நிமிடத்தில் சாப்பிட்டுவிடும். 2014 ஜூன் 2-ல் ஆந்திராவிலிருந்து தெலங்கானா வந்தது, அது தனி மாநிலம். வீட்டுக்குள்ளேயே ஒரு தடுப்புச் சுவர். புதுச்சேரி கேட்பது மாநில அந்தஸ்து, அதாவது யூனியன் பிரதேசம் என்ற பெயர் போய் முழு மாநிலமாக வேண்டும் என்பது. டெல்லியோடு இன்னும் சரிசமமாக உட்கார வேண்டும் என்கிற கோரிக்கை அது, டெல்லியை விட்டுப் போகிற கோரிக்கை இல்லை. சுயாட்சி என்பது அதிகாரப் பங்கீடு. 1969-ல் தமிழ்நாடு அமைத்த ராஜமன்னார் குழு, 1974-ல் சட்டமன்றத்தில் நிறைவேறிய தீர்மானம் எல்லாம் அந்த வகை. பிரிவினை என்றால் வீட்டையே காலி செய்துகொண்டு போவது.

மத்திய அரசு என்று சொல்வதா, ஒன்றிய அரசு என்று சொல்வதா?

எதைச் சொன்னாலும் மதிப்பெண் குறையாது. அரசியலமைப்பின் முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. "மத்திய" என்பது பேச்சு வழக்கு. இதிலேயே பத்து நிமிடம் சண்டை போட்டு நேரத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரசியலமைப்பில் பிரிந்து போக வழி இருக்கிறதா?

கிடையாது. 1948 நவம்பரில் வரைவை முன்வைத்தபோதே அம்பேத்கர் இதை விளக்கினார். மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு உண்டாக்கிய கூட்டமைப்பு இது இல்லை, ஆகவே எந்த மாநிலத்துக்கும் விலகும் உரிமை இல்லை, அதற்காகவே "ஒன்றியம்" என்ற சொல் என்றார்.

அதற்கு நேர்மாறாக இன்னொன்றைப் பாருங்கள். மாநிலம் ஒன்றியத்தை உடைக்க முடியாது, ஆனால் ஒன்றியம் மாநிலத்தை உடைக்கலாம். 3-வது பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே மாநில எல்லையை மாற்றலாம், பெயரை மாற்றலாம், ஒரு மாநிலத்தை இரண்டாக்கலாம். அந்த மாநிலச் சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. ஒட்டிப் பேசுகிறவர்களுக்கு இந்த ஒருதலைப்பட்சம்தான் நல்ல ஆயுதம்.

அந்நிய நாட்டுக்கு நிலத்தைக் கொடுப்பது மட்டும் அவ்வளவு சுலபமில்லை. மேற்கு வங்கத்தில் உள்ள பெருபாரி என்ற பகுதியில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் 1960-ல் உச்ச நீதிமன்றம், அதற்கு அரசியலமைப்புத் திருத்தமே வேண்டும் என்றது. 2015-ல் வங்கதேசத்தோடு நிலத் திட்டுகளை மாற்றிக்கொண்டபோது 100-வது திருத்தம் வந்தது அதனால்தான். ஆக நிலம் கைமாறுவது நடக்காத காரியம் இல்லை. நாடாளுமன்றம் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் விஷயம்.

அண்ணாவே தனி நாடு கேட்டவர்தானே? ஏன் விட்டார்?

கேட்டார். "அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு" என்ற கோஷம் தெரியாத தாத்தா இந்தப் பக்கம் இல்லை. 1962 மே மாதம் மாநிலங்களவையில் கன்னிப் பேச்சிலேயே சுயநிர்ணய உரிமையைப் பற்றிப் பேசினார். அந்த வருடக் கடைசியில் சீனப் போர் வந்தது. அடுத்த வருடம் 16-வது திருத்தம், வேட்புமனு போடுகிறவர் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்றது. 1963-ல் திமுக கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டேதான் கைவிட்டார் அண்ணா. நான்கே வருடத்தில், 1967-ல், ஆட்சிக்கு வந்தார்.

இதற்குப் பக்கத்தில் இலங்கையை வைத்துப் பாருங்கள். 1976-ல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனித் தமிழ் ஈழம் கேட்டது. 1983 கலவரத்தின் சூடு ஆறுவதற்குள் அங்கே 6-வது திருத்தம் வந்தது, பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் நாடாளுமன்றம். தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் செய்ய மறுத்தார்கள், பதவி போனது. இரண்டு நாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிச் சத்தியம்தான். இங்கே சத்தியம் செய்தவர்களுக்குக் கோட்டை கிடைத்தது, 1969-ல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆனது. அங்கே மொழிக்கும் நிலத்துக்கும் கேட்ட சின்னச் சின்ன ஒப்பந்தங்கள் ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தன. சத்தியம் செய்தாலும் கையில் கிடைக்க ஒன்றும் இல்லை. வெட்டிப் பேசுகிற அணி அண்ணாவை மட்டும் சொல்லிவிட்டு உட்காரக் கூடாது. எதிரணி எழுந்து யாழ்ப்பாணத்தைச் சொல்லும்.

புதுச்சேரி வரலாறு யாருக்குச் சாதகம்?

இரண்டு பேருக்கும். இதனால்தான் இந்தத் தலைப்பை இந்த ஊரில் வைத்துப் பேச எனக்கு ஆசை.

1954 அக்டோபர் 18. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் கீழூர் என்ற கிராமம். பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகளும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேர 170 ஓட்டு, வேண்டாம் என்று 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு, பத்திரங்கள் மாற்றிக்கொண்டது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். எட்டு வருடம் நாம் சட்டப்படி பிரான்ஸ், நடைமுறைப்படி இந்தியா. பிரான்சின் பிடியில் இருந்த அல்ஜீரியாவில் நடந்த விடுதலைப் போர் முடியும் வரை பாரிசுக்குக் கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

இப்போது கேள்வி. 178 பேர் போட்ட ஓட்டு, சில லட்சம் பேரின் விருப்பமா? வங்காளத்தில் இருந்த சந்திரநாகூரில் 1949-ல் பொதுமக்களே வாக்களித்தார்கள், சேர 7,473, எதிர்த்து 114. நமக்கு அப்படி ஒரு வாய்ப்பு வரவில்லை. கீழூர் முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. பொது வாக்கெடுப்பு வைத்திருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. ஆனால் பிரிவதோ சேர்வதோ, யாரை எண்ணுவது என்பதை முடிவு செய்கிறவரே பாதி முடிவைச் செய்துவிடுகிறார். மூன்று வாரமாக நான் பிள்ளைகளிடம் மண்டையில் அடித்துச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

அப்புறம் 1979. மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, புதுச்சேரியையும் காரைக்காலையும் தமிழ்நாட்டோடும், மாகேயைக் கேரளத்தோடும், ஏனாமை ஆந்திராவோடும் சேர்த்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. வரைபடத்தைப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஜனவரியில் ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. திட்டம் கைவிடப்பட்டது. போராடினவர்கள் பேசியது தமிழ், எதிர்த்தது தமிழ்நாட்டோடு சேர்வதை! மொழி ஒன்றாக இருந்தால் நாடும் ஒன்றாக வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். 1956 ஒப்பந்தத்தின் 2-வது பிரிவு, இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையை மாற்றுவதென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்கிறது. போராட்டக்காரர்கள் கையில் இருந்த நல்ல சீட்டு அது.

குடியுரிமையிலும் ஒரு பாடம் உண்டு. 1962-ல் இங்கே பிறந்து இங்கே இருந்தவர்கள் இந்தியர் ஆனார்கள். வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று வழி வைத்தார்கள். ஒரே தெருவில் அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா தாத்தாவுக்கு இன்றைக்கும் யூரோவில் பென்ஷன். பிரான்ஸ் அதிபர் தேர்தல் வந்தால் வெள்ளை நகரத்தில் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள். நாடு மாறும்போது ஆளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று கத்தி வைத்து வெட்டாமல், கால அவகாசம் கொடுத்து அவரவரை முடிவு செய்ய விட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி.

வெளிநாட்டு உதாரணங்களில் எதைச் சொன்னால் எடுபடும்?

எல்லோரும் அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 11 மாநிலங்கள் பிரிந்தன, அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்தன, 1865-ல் தோற்றன. 1869-ல் டெக்சாஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒன்றியமும் அழியாதது, மாநிலங்களும் அழியாதவை என்றது. புரட்சியாலோ மற்ற மாநிலங்களின் சம்மதத்தாலோ தவிர வெளியேற வழியில்லை என்று ஒரு ஓட்டையையும் விட்டுவைத்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை: வர்ஜீனியா ஒன்றியத்திலிருந்து பிரிந்ததும், அதன் மேற்குப் பகுதி வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து 1863-ல் தனி மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்துகொண்டது. பிரிந்து போகிறவனுக்கு உள்ள உரிமை, அவனிடமிருந்து பிரிகிறவனுக்கு இல்லையா?

இதையே கனடாவில் இன்னும் அழகாகப் பார்க்கலாம். 1995-ல் கனடாவை விட்டுப் பிரிவதா என்று கியூபெக் மாகாணத்தில் நடந்த வாக்கெடுப்பில் வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 49.42. மயிரிழை. அதற்குச் சில நாள் முன்பு வடக்கே வாழும் க்ரீ பழங்குடிகள் தாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தி, 96 சதவீதத்துக்கு மேல் கனடாவோடேயே இருப்போம் என்றார்கள். கனடாவைப் பிரிக்கலாம் என்றால் கியூபெக்கையும் பிரிக்கலாம்தானே என்பது அவர்கள் வாதம். 1998-ல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது நடுவர்களுக்கு மிகவும் பிடிக்கும்: கியூபெக் தன்னிச்சையாக விலக முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை வந்தால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும்.

எவ்வளவு பெரும்பான்மை தெளிவானது? செர்பியாவோடு சேர்ந்திருந்த மாண்டினீக்ரோவுக்கு 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் 55 சதவீதம் என்று கோடு போட்டது, 55.5 வந்தது, பிரிந்தார்கள். ஸ்காட்லாந்தில் 2014-ல் ஐம்பதைத் தாண்டினால் போதும் என்றார்கள், 44.7தான் வந்தது. அங்கே 16 வயதுப் பிள்ளைக்கும் ஓட்டு, ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் இங்கிலாந்துக்காரருக்கும் ஓட்டு, லண்டனில் வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கு இல்லை. மறுபடி அதே கதைதான், யாரை எண்ணுவது.

எனக்குப் பிடித்த உதாரணம் மேற்கு ஆஸ்திரேலியா. 1933-ல் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பிரிவோம் என்று வாக்களித்தார்கள். மனுவைத் தூக்கிக்கொண்டு லண்டன் போனார்கள். ஆஸ்திரேலிய அரசு கேட்காமல் நாங்கள் தலையிட மாட்டோம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1935-ல் கைவிரித்தது. யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. விஷயம் அப்படியே அடங்கிப்போனது.

சிங்கப்பூர்?

1965 ஆகஸ்ட் 9-ல் மலேசியாவிலிருந்து தனியானது. அதை வெற்றிக் கதையாக எல்லோரும் சொல்வார்கள். துறைமுகமும் அதை நடத்தத் தெரிந்த ஆட்களும் இருந்த ஊர் அது, அதை வைத்துப் பொது விதி எழுத முடியாது.

"நம்ம வரிப்பணம் வடக்கே போகுது" என்பதை முக்கிய வாதமாக வைக்கலாமா?

வைக்கலாம், கைதட்டல் வரும். 15-வது நிதிக்குழு மாநிலங்களுக்குப் பங்கிட்ட ஒன்றிய வரியில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், உத்தரப்பிரதேசத்துக்கு 17.939. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி, நாட்டில் ஏறக்குறைய 6 சதவீதம். கோபம் வரத்தான் செய்யும். மக்கள்தொகைப்படி தொகுதி மறுவரையறை செய்தால் நாடாளுமன்றத்தில் நம் பங்கு குறையும் என்ற பயமும் இதனோடு சேர்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்தவனுக்குத் தண்டனையா என்பது நல்ல கேள்வி.

ஆனால் எதிரணியில் விவரமான ஒருவர் இருந்தால் இப்படிக் கேட்பார்: சென்னையில் வசூலாகும் வரியில் தர்மபுரிக்குச் செலவு செய்யலாமா கூடாதா? கூடும் என்றால், பாட்னாவுக்கு ஏன் கூடாது? உறவு எங்கே முடிகிறது? இதற்குப் பதில் தயார் செய்யாமல் மேடை ஏறாதீர்கள். என் கருத்தைக் கேட்டால், இந்தப் புள்ளிவிவரம் பங்கீட்டு விதியை மாற்றக் கேட்பதற்குப் போதும், வீட்டைக் காலி செய்வதற்குப் போதாது.

புதுச்சேரிக்காரர்களின் குறை வேறு மாதிரி. யூனியன் பிரதேசம் என்பதால் நிதிக்குழுக் கணக்கிலேயே நாம் வருவதில்லை. சட்டமன்றம் மட்டும் உண்டு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர்.

பிரிந்தால் சொத்தை எப்படிப் பங்கு போடுவார்கள்?

செக்கோஸ்லோவாக்கியாவில் 1993 ஜனவரி 1-ல் பிரிந்தபோது, அந்தந்த மண்ணில் இருப்பது அந்தந்த நாட்டுக்கு, மற்றதெல்லாம் மக்கள்தொகைப்படி இரண்டுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். பொதுமக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் வைக்காமலேயே.

கடலூர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும் ஒருத்தி கேட்டாள்: "அப்போ நெய்வேலி யாருக்கு சார்?" பயிற்சியிலேயே எனக்கு வந்த அருமையான கேள்வி. 1956-ல் தொடங்கிய ஒன்றிய அரசின் நிறுவனம். நாடு முழுவதும் இருந்து வந்த வரிப்பணம் போட்டது. மண் கடலூர் மாவட்டத்து மண். நிலம் கொடுத்துவிட்டு இன்னும் வேலை கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சுற்றுக் கிராமத்தார். 2013-ல் தமிழ்நாடு அரசு நிறுவனங்களும் பங்கு வாங்கின. மின்சாரம் தென் மாநிலங்களுக்கெல்லாம் போகிறது, எங்கள் வீட்டு மின்விசிறியும் அதில் சுற்றுகிறது. வெறும் கற்பனைக்காகக் கேட்டாலும், இந்த ஒரு சுரங்கத்தைப் பங்கு போட ஒரு தலைமுறை ஆகும்.

தண்ணீர் அதைவிடச் சிக்கல். பாகூர் ஏரியை நிரப்புவது பங்காரு வாய்க்கால். அது கிளம்புவது தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து, அது தமிழ்நாடு. ஆற்றில் மேலே போனால் சாத்தனூர், அதற்கும் மேலே கிருஷ்ணகிரி, அதற்கும் மேலே கர்நாடகம். ஒரே நாட்டுக்குள் இருக்கும்போதே பாகூர் விவசாயி மதகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

எல்லை என்பது நடைமுறையில் எப்படி இருக்கும்?

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. திருபுவனை மறுபடி புதுச்சேரி. மதகடிப்பட்டு தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. அரை மணி நேரத்தில் மூன்று எல்லை. பெட்ரோல் பங்க்கும் ஒயின் ஷாப்பும் நெருக்கமாக வந்தால் புதுச்சேரி என்று தெரிந்துகொள்ளலாம். கடலூர் பஸ்ஸில் முள்ளோடை நெருங்கும்போது பின் சீட்டில் ஒருவர் பையிலிருந்த பாட்டிலை எடுத்து வேட்டி மடிப்புக்குள் சொருகுவார். பக்கத்தில் இருப்பவர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். எல்லைக் கோடு என்றால் எனக்கு ஞாபகம் வருவது அந்த வேட்டி மடிப்புதான். வரி வித்தியாசத்துக்கே இவ்வளவு. பாஸ்போர்ட் என்றால்?

எந்த அரசியலமைப்பிலாவது பிரிந்து போகும் உரிமை எழுதியிருக்கிறதா?

எத்தியோப்பியாவில் 39-வது பிரிவு. பழைய சோவியத் அரசியலமைப்பிலும் இருந்தது, யாரும் அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதியது. 1991-ல் பயன்பட்டுவிட்டது.

நீங்கள் எந்தப் பக்கம் சார்?

நடுவரிடம் இதைக் கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்கிறார்கள். ஒரு மக்கள் கூட்டத்தைக் கொன்று குவிக்கிற அரசு, கூட இருங்கள் என்று கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறது. 1971 வங்கதேசத்தை யாரும் என்னிடம் தவறு என்று நிரூபிக்க முடியாது. அந்த அளவு இல்லாத குறைகளுக்கு, அதாவது வரி, மொழி, ஆளுநர், தொகுதி எண்ணிக்கை இவற்றுக்கு, உள்ளே இருந்து சண்டை போடுவதே பலன் தருகிறது என்பதை நம் ஊர் காட்டியிருக்கிறது. ஆனால் "பேசவே கூடாது" என்று தலைப்பை மாற்றுகிறவர்கள் பக்கம் நான் இல்லை.

கீழூருக்கு எப்படிப் போவது?

போட்டிக்கு முன்னால் ஒரு தடவை போய் வாருங்கள். வில்லியனூர் போய் மங்கலம் பக்கம் திரும்பி, யாரைக் கேட்டாலும் நினைவிடத்தைக் காட்டுவார்கள். வண்டி இருந்தால் நல்லது. ஆகஸ்ட் 16 அன்று காலையில் கொடியேற்றம் நடக்கும், அன்றைக்குக் கூட்டம். மற்ற நாள் போனால் வெயிலுக்கு ஒதுங்கின ஆடு இரண்டும் நீங்களும்தான். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள்.